பச்சைக் கூரையின் கீழ் சலாது: கந்தப்பளையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைக்குப் பக்கத்தில், தேயிலை முடிந்து மரக்கறிப் பாத்திகள் தொடங்கும் சரிவில் இருக்கிறது அந்தக் கூடாரம். மூங்கிலும் இரும்புக் குழாயும் கலந்து நிறுத்தி, மேலே பொலித்தீன் இழுத்துக் கட்டியது. சொந்தக்காரர் முன்பு தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர். இப்போது வெளிப் பாத்திகளில் லீக்ஸ், கரட், கோவா. கூடாரத்துக்குள் ஹோட்டல்களுக்குப் போகும் சலாது (லெட்டூஸ்). ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பழைய நிறமற்ற தாள் காற்றில் கிழிந்துபோனதும், இந்த முறை பச்சை நிறப் பொலித்தீன் வாங்கிக் கூரைக்குப் போட்டார். ஏன் பச்சை என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலில் ஒரு நியாயம் இருந்தது: “செடியும் பச்சை, தாளும் பச்சை. வெயிலும் அடங்கும். நல்லா வரும்னுதான் போட்டேங்க. நர்சரியில எல்லாம் பச்சை வலைதானே கட்டுறாங்க?”

நல்லா வரவில்லை. சலாது உருண்டு அடர்ந்து நிற்பதற்குப் பதிலாகக் கழுத்து நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, தண்ணீர் ஊற்றினால் சாய்ந்து படுத்தது. இலை மெல்லிசு. ஓரம் சுருண்ட சிவப்புச் சலாதின் நிலைமை இன்னும் மோசம், அதில் சிவப்பே இல்லை. ஹோட்டல்காரர்களுக்கு அந்த வகையே தட்டில் நிறம் காட்டத்தான் வேண்டும். பச்சையாகப் போனதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணனின் மகள் என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கிறாள். விஷயம் வகுப்புக்கு வந்தது அவள் வழியாகத்தான். ஒளித்தொகுப்புப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்ததால், பிள்ளைகளிடம் பதிலும் தயாராக இருந்தது.

தயாராக இருந்த பதில்

“சேர், இலை பச்சையா தெரியுதுன்னா, பச்சையை வேணாம்னு திருப்பி அனுப்புதுன்னுதானே அர்த்தம்? அப்ப பச்சைத் தாளுக்குக் கீழ ஒளித்தொகுப்பே நடக்காது.”

நாட்டில் உயிரியல் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகள் இதையேதான் சொல்வார்கள். பச்சையம் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் உறிஞ்சல் திருசியத்தின் படம் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் பேசும்: நீலத்தில், 430 நனோமீற்றர் பக்கத்தில் ஒரு மலை, சிவப்பில், 660 பக்கத்தில் இன்னொரு மலை, நடுவில் 500க்கும் 600க்கும் இடையே பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் பச்சை. முடிந்தது கதை.

இந்த விளக்கத்தில் ஒரு இடைஞ்சல் உண்டு. ஒளித்தொகுப்பே நடக்கவில்லை என்றால் செடி நீண்டிருக்காது, செத்திருக்கும். இந்தச் சலாது சாகவில்லை. ஒல்லியாக, உயரமாக, உயிரோடு நின்றது. அதனால் படத்தை நம்பி வழக்கை மூட எனக்கு விருப்பமில்லை.

அதற்கு முன் வழக்கமான சந்தேகங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. விதையா, உரமா, வேரில் நோயா, கூடாரத்தின் சூடா? இதற்குப் பதில் கூடாரத்துக்குள்ளேயே கிடைத்தது. கூரையின் ஒரு மூலையில், குழாயோடு தாள் உராய்ந்த இடத்தில், கை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். நண்பகலில் அந்த வழியாக ஒரு வெள்ளை வெளிச்சத் துண்டு விழுந்து பாத்தி மேல் நகரும். அது நகரும் பாதையில் நின்ற சில செடிகள் மட்டும் குட்டையாக, கெட்டியாக இருந்தன. அதிலும் சிவப்புச் சலாதில், வெளிச்சம் பட்ட இலைகளின் ஓரம் செந்நிறம். அதே செடியில் பக்கத்து இலையின் நிழலுக்குள் போன பகுதி பச்சை. அதே மண், அதே உரம், அதே விதைப் பொட்டலம். மற்ற சந்தேகங்கள் எல்லாம் அங்கேயே விழுந்துவிட்டன. குற்றவாளி கூரைதான். ஆனால் கூரை செய்த குற்றம் என்ன, நிறமா அளவா என்பதுதான் கேள்வி.

வலையும் தாளும்

அண்ணன் சொன்ன நர்சரி விஷயத்தை இங்கே தீர்த்துவிடலாம். மலையகத்தில் நிழல் என்றால் நல்லது என்ற எண்ணம் தேயிலையிலிருந்து வந்தது. தேயிலை இயல்பில் காட்டு மரங்களின் கீழ் வளர்ந்த இனம். சபுக்கு மரத்தை இடையிடையே நட்டு நிழல் கொடுப்பது இங்கே பரம்பரையாக நடப்பது. 1925இல் தொடங்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நிழல் பராமரிப்பைப் பரிந்துரையாகவே சொல்லி வருகிறது. ஒற்றை இலைத் துண்டை மண் பையில் ஊன்றி வேர் பிடிக்க வைக்கும் நர்சரியில் நிழல் இல்லாவிட்டால் துண்டு வாடிவிடும். வேர் பிடித்த பிறகு நிழலைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

சலாது அந்தச் சாதி இல்லை, அது திறந்த வெளிச் செடி. அப்புறம், பச்சை வலையும் பச்சைத் தாளும் ஒன்றல்ல. வலையில் வெளிச்சத்தின் பெரும்பகுதி ஓட்டை வழியாகத்தான் வரும். ஓட்டை வழியாக வருவது நிறம் மாறாத வெயில். அங்கே இழைகளின் வேலை மறைப்பது, அதன் பச்சை நிறத்துக்குச் செடியின் வாழ்க்கையில் பெரிய பங்கு இல்லை. தாளில் ஓட்டை கிடையாது. உள்ளே வரும் ஒவ்வொரு கதிரும் சாயத்துக்குள் புகுந்துதான் வர வேண்டும். நிறத் தாள் வெளிச்சத்தில் எதையும் கூட்டாது, கழிக்க மட்டுமே செய்யும். சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு சிவப்பைக் கொடுக்கிறது. சிவப்புத் தாளோ சிவப்பு தவிர மற்றதைப் பிடுங்கிக்கொள்கிறது. கடையில் நிறத் தாள் விற்பவர்களும் வாங்குபவர்களும் அதிகம் குழம்பும் இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

போன் சொன்ன பொய்

அளந்து பார்ப்போம் என்று பிள்ளைகளில் ஒருவன் லக்ஸ் காட்டும் செயலியைப் போனில் இறக்கினான். பச்சைத் தாளின் கீழ் பிடித்தால் எண் குறைந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. “வெளிச்சம் போதுமான அளவு வருது சேர். அப்ப நிறம்தான் பிரச்சினை” என்று முடிவும் சொல்லிவிட்டான்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. நம் கண் 555 நனோமீற்றர் பச்சையில்தான் மிகக் கூர்மை. 450 நனோமீற்றர் நீலத்துக்கும் 660 நனோமீற்றர் சிவப்புக்கும் லக்ஸ் கணக்கில் கிடைக்கும் மதிப்பு, அந்தப் பச்சைக்குக் கிடைப்பதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே நீலத்தையும் சிவப்பையும் வழித்தெடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் விட்டுவைக்கும் ஒரு தாளின் கீழ் லக்ஸ் மானி திருப்தியாகத்தான் எண் காட்டும். கூடாரத்துக்குள் நிற்கும் மனிதனுக்கும் வெளிச்சம் போதுமென்றே தோன்றும். அண்ணனுக்குத் தோன்றியதும் அதுதான்.

செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளித் துணிக்கைகளின் எண்ணிக்கை. அதை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது, விலை எங்கள் வகுப்புக்கு எட்டாது. சரி, செடியையே கருவியாக்குவோம் என்று முடிவெடுத்தோம்.

ஐதரில்லாவை மானியாக வைத்தது

மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ஐதரில்லா என்ற நீர்ச்செடி, முகவை, கவிழ்த்த புனல், அதன் மேல் தண்ணீர் நிரப்பிய சோதனைக்குழாய், தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா. உயர்தரப் பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்கமான ஒழுங்கமைப்பு. வெட்டிய தண்டிலிருந்து ஒட்சிசன் குமிழிகள் கோர்வையாக ஏறும். குமிழி தூய ஒட்சிசன் அல்ல, எல்லாக் குமிழியும் ஒரே அளவும் அல்ல. அதனால் எண்ணை எண்ணாக எடுக்கக் கூடாது. ஒரே தண்டு, ஒரே தண்ணீர், ஒரே சூடு என்று வைத்துக்கொண்டு, இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம். இடம் மாற்றியதும் சில நிமிடம் பொறுத்து, ஓட்டம் சீரானபின் எண்ண வேண்டும். மேகம் குறுக்கே வந்தால் அந்த எண்ணிக்கையை விட்டுவிட வேண்டும். கந்தப்பளையில் மேகம் குறுக்கே வராத நேரத்தைப் பிடிப்பதே பெரிய வேலை.

நிறமற்ற தாளின் கீழ் குமிழிகள் மளமளவென்று ஏறின. பச்சைத் தாளின் கீழ் பாதிக்கும் கீழே போயிற்று. போனின் கணக்கும் ஐதரில்லாவின் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

இதை வைத்துத்தான் அடுத்த அடியைத் திட்டமிட்டோம். வெளிப் பாத்தியில் மூங்கில் வளைத்து மூன்று சிறு கூண்டுகள். ஒன்றுக்கு நிறமற்ற தாள். இன்னொன்றுக்குப் பச்சைத் தாள். மூன்றாவதுக்கு நிறமற்ற தாள்தான், ஆனால் மேலே கறுப்பு நிழல் வலை. ஐதரில்லாக் குமிழியின் வேகம் பச்சைக் கூண்டில் உள்ள அளவுக்கு இறங்கும்வரை வலையை மடித்து மடித்துப் போட்டோம். இந்த மூன்றாவது கூண்டுதான் ஆய்வின் உயிர்நாடி. அதில் நிறம் மாறவில்லை, அளவு மட்டும் குறைந்திருக்கிறது. பச்சைக் கூண்டுச் செடி கறுப்பு வலைக் கூண்டுச் செடியைப் போலவே வந்தால், பழி அளவின் மேல். வேறு மாதிரி வந்தால், அந்த வேறுபாடு நிறத்தின் வேலை. பள்ளிக்கூடங்களில் நிறத்தாள் சுற்றிச் செய்யும் பரிசோதனைகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது கூண்டு இருக்காது. நீலத் தாள், சிவப்புத் தாள் என்று சுற்றி எண்ணுவார்கள். நீலத் தாள் மொத்தமாகவே வெளிச்சத்தை அதிகம் குடித்துவிடுகிறது என்பதைப் பார்க்காமல், “நீலத்தில் ஒளித்தொகுப்புக் குறைவு” என்று எழுதி வைப்பார்கள்.

சூடு கலந்துவிடாமல் இருக்க மூன்று கூண்டுகளின் பக்கங்களையும் அடியில் ஒரு சாண் திறந்து விட்டோம். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம்; இங்கே காற்று ஓடினால் கூண்டுக்குள் சூடு நிற்காது.

அறுவடையில் கண்டது

எடையில், நிறமற்ற தாளின் கீழ் வளர்ந்தது தனியாக மேலே நின்றது. பச்சையும் கறுப்பு வலையும் இரண்டும் வெகு கீழே, ஒன்றுக்கொன்று பக்கத்தில். அதாவது விளைச்சல் விழுந்ததற்கு முதற் காரணம், செடிக்குப் பயன்படும் ஒளியின் மொத்த அளவு குறைந்ததுதான். பச்சை நிறத்தில் ஏதோ விஷம் இருந்ததல்ல.

உருவத்தில் கதை வேறு. கறுப்பு வலையின் கீழ் இருந்தவை சிறியவை, மெலிந்தவை, ஆனால் சலாது மாதிரியே இருந்தன. இலைகள் அடியிலிருந்து விரிந்து தட்டையாகக் கிடந்தன. சிவப்பு வகையில் மங்கலாகவேனும் சிவப்பு இருந்தது. பச்சைத் தாளின் கீழ் இருந்தவை கூடாரத்தில் கண்ட அதே நெட்டைகள். சிவப்பு சுத்தமாக இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பச்சைக் கூண்டுச் சலாதின் எடை கறுப்பு வலைக் கூண்டை விடக் கொஞ்சம் கூடுதல். ஐதரில்லாவின் கணக்குப்படி இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும். செடிகள் கொஞ்சம்தான், அதனால் இந்த வித்தியாசத்தின் மேல் பெரிய பாரம் ஏற்ற நான் தயாரில்லை. நெட்டையான செடி கூடுதலாக வெளிச்சம் பிடித்திருக்கலாம். ஆனாலும், பிள்ளைகளின் “பச்சை வேலைக்காகாது” என்ற பதிலுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும் ஒரு விளைவு இது. அதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு.

இலை பச்சையை என்ன செய்கிறது

பாடப்புத்தகத்துப் பள்ளத்தாக்குப் படம் இலையின் படம் அல்ல. இலையை அரைத்து, பச்சையத்தைக் கரைப்பானில் எடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஒளியை ஒரே ஒருமுறை அதன் ஊடாக விட்டு வரைந்தது. இலைக்குள் ஒளி அப்படி நேராகப் போய்விட முடியாது. இலையின் கலங்களுக்கு (செல்களுக்கு) நடுவே காற்று இடைவெளிகள். ஒவ்வொரு சுவரிலும் கதிர் முறிந்து, தெறித்து, அங்குமிங்கும் அலையும். பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பான பச்சையவுருமணிகளில் முதலாவது பச்சைக் கதிரை விட்டுவிட்டால் இரண்டாவது பிடிக்கும், அதுவும் விட்டால் பத்தாவது பிடிக்கும். கடைசியில் தடித்த இலை ஒன்று தன் மேல் விழும் பச்சை ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது தப்பி வந்த சிறு பங்கு. நீலத்திலும் சிவப்பிலும் தப்பி வருவது அதைவிடக் குறைவு, கண்ணும் பச்சைக்கே கூர்மை. அவ்வளவுதான்.

கீத் மக்ரீ 1972இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த விஷயத்தில் இன்றும் அடித்தளம். 22 வகைப் பயிர்களின் இலைகளில், ஒவ்வொரு அலைநீளத்திலும் ஒளித்தொகுப்பு எவ்வளவு நடக்கிறது என்று பார்த்தார். சிவப்பில் உச்சம், நீலத்தில் ஒரு சிறிய உச்சம். நடுவில் பச்சையில் ஒரு தாழ்வு இருந்தது, ஆனால் அது பள்ளத்தாக்கு அல்ல, ஒரு சாய்வு. 2009இல் ஜப்பானில் இச்சிரோ தெராஷிமாவும் கூட இருந்தவர்களும் சூரியகாந்தி இலையில் இன்னும் சுவையான ஒன்றைக் காட்டினார்கள். வெள்ளை ஒளி ஏற்கெனவே பலமாக இருக்கும்போது, அதன் மேல் கூடுதலாகச் சிவப்பைக் கொடுப்பதை விடப் பச்சையைக் கொடுத்தால் ஒளித்தொகுப்பு அதிகம் கூடுகிறது. காரணம் எளிது. சிவப்பும் நீலமும் இலையின் மேல் தோலை அடுத்த கலங்களிலேயே விழுங்கப்பட்டுவிடும். அந்தக் கலங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. பச்சை ஆழத்துக்கு இறங்கி, அங்கே வெளிச்சத்துக்குக் காய்ந்து கிடக்கும் கலங்களுக்கு வேலை கொடுக்கும்.

இப்போது ஐதரில்லாவுக்குத் திரும்பலாம். அதன் இலை இரண்டு கலத் தடிப்பு மட்டுமே. பச்சைக் கதிர் அலைந்து திரிய அங்கே இடமில்லை. பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். எனவே பச்சை வெளிச்சத்தை ஐதரில்லா குறைத்து மதிப்பிடும், சலாது அப்படிச் செய்யாது. ஐதரில்லாவை வைத்துச் சமப்படுத்திய இரண்டு கூண்டுகளில் பச்சைக் கூண்டு கொஞ்சம் முந்துவது இதோடு பொருந்துகிறது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டபோது, பச்சை வேலைக்காகாது என்று சொன்ன அதே பிள்ளை, “அப்ப நம்ம மானியும் பொய்தானா சேர்?” என்று கேட்டான். பொய்யில்லை. எந்த மானியும் யாருக்காக அளக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும், லக்ஸ் மனிதக் கண்ணுக்கு, ஐதரில்லா ஐதரில்லாவுக்கு.

இதே மூச்சில் இன்னொரு வழக்கமான குழப்பம். நீலக் கதிரின் துணிக்கைக்குச் சிவப்பை விடச் சக்தி கூட, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அப்படியானால் நீலத்தில் ஒன்றரை மடங்கு வேலை நடக்க வேண்டாமா? நடக்காது. ஆயிரம் ரூபாய்த் தாள் கொடுத்தாலும் ஐந்நூறு கொடுத்தாலும் இராகலை பஸ்ஸில் கிடைப்பது ஒரு டிக்கெட்தான், கொண்டக்டர் மிச்சக் காசு தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையம் நீலத் துணிக்கையை வாங்கியதும் கூடுதல் சக்தியை உடனே வெப்பமாக விட்டுவிட்டு, சிவப்பு கொடுத்த அதே படிக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். ஒரு ஒட்சிசன் மூலக்கூறுக்குக் குறைந்தது எட்டுத் துணிக்கைகள் வேண்டும், நிறம் எதுவாக இருந்தாலும்.

கழுத்து நீண்டது ஏன்

இங்கேதான் நிறம் உண்மையாகவே குற்றவாளி. ஒளி செடிக்குச் சாப்பாடு மட்டும் இல்லை, செய்தியும்கூட.

மகளும் அவள் சிநேகிதியும் ஒரு பழைய சீடியை வெட்டி, சப்பாத்துப் பெட்டியில் மெல்லிய பிளவு போட்டு, நிறமாலை பார்க்கும் கருவி ஒன்று செய்தார்கள். வானத்தைப் பார்த்தால் ஊதா முதல் சிவப்பு வரை முழுப் பட்டை. பிளவின் முன் பச்சைத் தாளைப் பிடித்தால் சிவப்பு அப்படியே காணாமல் போயிற்று, நீலம் மங்கிற்று, நடுவில் பச்சை மட்டும் பளிச்சென்று நின்றது. அடுத்து டீவி ரிமோட்டைப் போன் கமராவுக்கு முன் பிடித்து அழுத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் கதிர் கமராத் திரையில் வெள்ளைப் புள்ளியாக மினுங்கும். நடுவில் பச்சைத் தாளை வைத்தபோதும் புள்ளி கிட்டத்தட்ட அப்படியே மினுங்கியது. ரிமோட்டின் கதிர் 900 நனோமீற்றருக்கு மேலே, எனவே இது 730க்கு நேரடிச் சாட்சி அல்ல. ஆனாலும் பச்சைச் சாயங்கள் பலவும் சிவப்பை விழுங்கிவிட்டு, அதற்கு அப்பால் உள்ளதைத் தாராளமாக விடும் என்பது தெரிந்த விஷயம்.

சிவப்புக்கு அப்பால், 700 முதல் 750 வரை உள்ள ஒளியைத் தூரச் சிவப்பு என்று சொல்லலாம். செடியில் பைற்றோகுரோம் என்ற நிறப்பொருள் இருக்கிறது. 660 பக்கத்துச் சிவப்பு பட்டால் ஒரு வடிவம், 730 பக்கத்துத் தூரச் சிவப்பு பட்டால் இன்னொரு வடிவம். திறந்த வெயிலில் இரண்டும் ஏறக்குறைய சமம், சிவப்பு சற்றுக் கூட. இலைக்கூட்டத்தின் கீழ் சிவப்பை மேல் இலைகள் தின்றுவிடும், தூரச் சிவப்பு மட்டும் மிஞ்சும். செடி இந்த விகிதத்தைப் படித்து, தன் தலைக்கு மேல் வேறு செடி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. உடனே இலையைத் தடிப்பாக்குவதை விட்டுவிட்டு உயர ஓடத் தொடங்கும். பச்சைத் தாளின் கீழும் செடிக்கு அதே செய்திதான் போயிருக்கிறது. கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிக் குறைப்பதால், விகிதம் மாறவில்லை; செடி சிறுத்தது, ஆனால் ஓடவில்லை.

இதைக் கண்டுபிடித்த கதையின் நாயகனும் சலாதுதான் என்பது பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. 1952இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் விவசாய ஆய்வு நிலையத்தில், சலாது விதைகளுக்குச் சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தன, உடனே தூரச் சிவப்பைக் காட்டினால் முளைக்கவில்லை. மாறி மாறி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகக் காட்டிய நிறம்தான் தீர்ப்பு. சலாது விதையை ஆழமாக மூடாமல் மேலாகத் தூவுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதனோடு சேரும்.

நீலம் குறைந்ததற்கும் பங்கு உண்டு. கிரிப்டோகுரோம் என்ற இன்னொரு உணரி நீல ஒளி பட்டால் தண்டு நீள்வதை அடக்கும். சிவப்புச் சலாதின் நிறமான அந்தோசயனினும் நீலமும் புறஊதாவும் நிறைந்த வெளிச்சத்தில்தான் நன்றாக ஊறும். கிழிசலுக்குக் கீழே இருந்த இலையோரம் மட்டும் சிவந்தது அதனால்தான்.

அண்ணன் செய்ததும் மிச்சமும்

கூரைக்குத் திரும்பவும் நிறமற்ற யூவி பொலித்தீன் (வெயிலில் சீக்கிரம் சிதையாத வகை) போட்டார். வெயில் கடுமையான மாதங்களில் மட்டும், நண்பகலுக்குக் கறுப்பு வலையை மேலே இழுத்துவிட்டு, பிற்பகலில் சுருட்டிவிடுகிறார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, அடர்ந்த மேகத்தின் கீழ் வெளிச்சம் வெயிலில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அந்த மாதங்களில் வலையே தேவையில்லை. பச்சைத் தாள் இப்போது உரமூட்டைகளை மூடுகிறது. சலாது பழையபடி கெட்டியாக வருகிறது, சிவப்பும் திரும்பிவிட்டது.

“ஊதா லைட் போட்டு வளர்க்குறாங்களே யூடியூபுல, அது இங்க சரிவருமா தம்பி?” என்று அவர் பிறகு கேட்டார். சிவப்பும் நீலமும் கலந்த எல்.ஈ.டி. மூடிய அறைக்குள் வளர்ப்பவர்களுக்கு அர்த்தமுள்ளது, மின்சாரத்தை ஒளியாக்குவதில் அந்த இரண்டு நிறங்களும் சிக்கனம் என்பதால். வெயில் சும்மா கிடைக்கும் சரிவில், கரண்ட் பில் கட்டி அதை வாங்க நான் சொல்லமாட்டேன். முளைத்த நாற்றுகள் மேகமூட்ட மாதங்களில் மெலிந்து நீண்டால், நாற்றுத் தட்டுகளுக்கு மட்டும் ஒரு சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. போதும்.

இந்த ஆய்வின் குறைகளும் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன. ஒரே ஒரு போகம், ஒரே ஒரு பாத்தி. கூண்டுகளை இடம் மாற்றி மீண்டும் வளர்க்கவில்லை. சரிவின் மேல் பக்கக் கூண்டுக்குக் காலை வெயில் சற்று முன்னதாகவே வரும். தாளின் நிறமாலையைக் கருவியால் அளக்கவில்லை, சீடித் துண்டால் பார்த்ததோடு சரி. எடையின் பெரிய வேறுபாட்டை இவை புரட்டிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பச்சைக்கும் கறுப்பு வலைக்கும் இடையே இருந்த சிறிய வேறுபாட்டைப் புரட்டிவிடக்கூடும்.

மகளுக்கு அடுத்த கேள்வி கூரையிலேயே இருக்கிறது. பனியும் ஈரமும் நிறைந்த ஊரில் நிறமற்ற தாளும் வெகுநாள் நிறமற்று இருப்பதில்லை. மேல் மடிப்புகளில் பாசி பிடித்து, அதுவும் மெல்லிய பச்சைத் தாளாகிவிடுகிறது. அடுத்த போகத்துக்கு முன் கூரையில் பாதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பாதியை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் ஐதரில்லாவை வைத்து எண்ணப்போகிறார்கள்.